சேலத்து மண்ணும் உயிர்களின் வேதியியலும்: பரிணாமம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் மாணவர்களுக்கு உயிர்வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பிலும், ஏற்காட்டுக்குச் செடி பார்க்கப் போகும்போதும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில கேள்விகள் பெற்றோர் கேட்டவை, சில விவசாயிகள் கேட்டவை. முடிந்தவரை நம் ஊரில் கண்ணில் படுவதை வைத்தே பதில் சொல்லப் பார்த்திருக்கிறேன்.

பரிணாமம் என்றால் எலும்பு, இறக்கை, வால் பற்றிய பேச்சுதானே? வேதியியலுக்கு அதில் என்ன வேலை?

எலும்போ இறக்கையோ மாற வேண்டுமானால் அதற்கு முன் மரபணுவில் ஏதோ மாறியிருக்க வேண்டும். மரபணு மாறினால் பெரும்பாலும் ஒரு புரதம் மாறும், அல்லது அது உருவாகும் அளவோ இடமோ மாறும். ஆகவே பரிணாமம் முதலில் நடப்பதே மூலக்கூறுகளில்தான். உருவம் அப்புறம்தான் வருகிறது.

ஒரு எடுத்துக்காட்டு. நம் செல்கள் மூச்சுக்காற்றைப் பயன்படுத்த உதவும் சைட்டோகுரோம் சி என்ற சிறிய புரதத்தில் 104 அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் அந்த வரிசையில் ஒரு வித்தியாசம்கூட இல்லை. ரீசஸ் குரங்கில் ஒரே ஓர் இடம் மாறியிருக்கிறது. குதிரை, கோழி, மீன், ஈஸ்ட் என்று உறவு தூரமாகப் போகப் போக வித்தியாசங்கள் கூடிக்கொண்டே போகும். எலும்புக்கூடுகளை ஒப்பிட்டு வரைந்த உறவுமுறையும் இந்தப் புரதத்தை ஒப்பிட்டு வரைந்த உறவுமுறையும் பெரிய அளவில் ஒத்துப்போகின்றன. பரிணாமத்துக்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரிந்து குறைவு.

எல்லா உயிர்களுக்கும் அடிப்படை வேதியியல் ஒன்றேதானா?

ஆமாம். பாக்டீரியா, காளான், வேப்பமரம், நாம் எல்லோருக்கும் ஆற்றலைச் செலவழிக்கும் நாணயம் ஏடிபி என்ற மூலக்கூறு. புரதம் கட்ட அடிப்படையாக அதே 20 அமினோ அமிலங்கள். மரபணு எழுத்துகளைப் புரதமாகப் படிக்கும் விதியும் மிகச் சில விலக்குகளைத் தவிர ஒன்றேதான். இவை வேறு விதமாகவும் இருந்திருக்கலாம். அப்படி இல்லாததற்கு நேரான காரணம் பொதுவான மூதாதை. அந்த மூதாதை 350 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வாழ்ந்த, ஒரே செல் கொண்ட உயிர்க்கூட்டம்.

அந்த முதல் வேதியியல் எங்கே தொடங்கியிருக்கும்?

இதற்கு முடிந்த முடிவான பதில் இல்லை. ஆனால் ஆய்வாளர்கள் அதிகம் பேசும் கருத்து ஒன்று சேலத்துக்காரர்களுக்கு நெருக்கமானது, அதனால் சொல்கிறேன்.

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் வழியில், மலையடிவாரத்துக்கு முன்பே செட்டிச்சாவடி, வெள்ளக்கல்பட்டிப் பக்கம் வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும் கல் மாக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். அது டியூனைட் என்ற பாறையின் பிளவுகளில் உருவானது. டியூனைட்டின் பெரும்பகுதி ஒலிவைன் என்ற கனிமம். அதில் மக்னீசியமும் இரும்பும் இருக்கின்றன. ஒலிவைன் பாறையோடு சூடான நீர் சேரும்போது அந்த இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைகிறது, நீரிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியே வருகிறது.

இது ஆழ்கடலில் இன்றும் நடக்கிறது. அட்லாண்டிக் கடலடியில் 2000ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்ட 'லாஸ்ட் சிட்டி' என்ற காரநீர் ஊற்றுகள் இப்படித்தான் ஹைட்ரஜனைக் கக்குகின்றன. ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்தால் எளிய கரிமச் சேர்மங்கள் உண்டாகலாம். சில பாக்டீரியாக்களும், அவற்றைப் போலவே ஒரே செல் கொண்ட ஆர்க்கியா என்ற உயிர்களும் இன்றுவரை ஆற்றலுக்கும் கார்பனுக்கும் இந்த இரண்டு வாயுக்களையே வைத்து உடலைக் கட்டுகின்றன. அவற்றின் நொதிகளில் இரும்பும் கந்தகமும் நிக்கலும் கனிமம் போலவே அடுக்கியிருக்கின்றன. பாறையில் நடந்த வேதிவினையை உயிர் கைப்பற்றிக்கொண்டது என்பதுதான் அந்தக் கருத்து. உயிர் சேலத்தில் தோன்றியது என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த வேதியியலுக்கு வேண்டிய வகைப் பாறை நம் ஊர் வெயிலில் கிடக்கிறது, அவ்வளவுதான்.

இரத்தம் சிவப்பு, இலை பச்சை. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே, உண்மையா?

உண்மை, அதுவும் மிக நெருக்கமான தொடர்பு. இரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீம், இலைக்குப் பச்சை தரும் பச்சையம் இரண்டும் ஒரே வகை வளைய மூலக்கூறுகள். செடியின் செல்லுக்குள் இரண்டும் ஒரே பாதையில்தான் தயாராகின்றன. புரோட்டோபார்ஃபிரின் என்ற படிவரை ஒரு வித்தியாசமும் கிடையாது. அந்த இடத்தில் ஒரு நொதி இரும்பை உள்ளே வைத்தால் ஹீம். வேறொரு நொதி மக்னீசியத்தை வைத்தால் பச்சையத்தை நோக்கிப் போகும். சேலத்துக்குத் தென்மேற்கே கஞ்சமலையில் இரும்புத்தாது, வடக்கே வெள்ளைக்கல்லில் மக்னீசியம். உயிர் தன் வளையத்தின் நடுவே வைத்த இரண்டு உலோகங்களும் நகரத்தின் இரண்டு பக்கம் இருக்கின்றன. இதை ஏன் பாடப்புத்தகத்தில் சொல்வதில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

செடியிலும் சிவப்பைப் பார்க்கலாம். நல்ல நிலையிலுள்ள நிலக்கடலைச் செடியைப் பிடுங்கி, வேரில் உருண்டையாக இருக்கும் முடிச்சைக் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அது லெக்ஹீமோகுளோபின். நம் ஹீமோகுளோபினும் அதுவும் ஒரே பழைய புரதக் குடும்பத்தின் இரு கிளைகள். அங்கே அதன் வேலை ஆக்சிஜனைப் பிடித்து வைத்து, தனி ஆக்சிஜனின் அளவு ஏறாமல் பார்த்துக்கொள்வது. காரணம், முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கப் பயன்படுத்தும் நைட்ரோஜினேஸ் என்ற நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். காற்றில் ஆக்சிஜன் பெருகுவதற்கு முன்பே தோன்றிய நொதி அது. அதை மாற்றிக் கட்ட முடியவில்லை. ஆகவே அதற்கு ஒரு காவல் ஏற்பாடு வந்தது.

பூமியில் இவ்வளவு இரும்பு இருந்தும் இரும்புச்சத்துக் குறைபாடு ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது?

உணவு, வறுமை, குடற்புழு, மாதவிடாய், மகப்பேறு எல்லாம் காரணம். அவற்றுக்கு அடியில் ஒரு பழைய காரணமும் இருக்கிறது.

ஆதிக் கடல்களில் ஆக்சிஜன் இல்லை. இரும்பு உப்பு போலக் கரைந்து கிடந்தது. எலக்ட்ரானை வாங்கவும் கொடுக்கவும் இரும்பு மிக வசதியானது, அதனால் உயிர் அதைத் தன் நொதிகளில் தாராளமாகப் பயன்படுத்திக்கொண்டது. கஞ்சமலையின் பட்டைபட்டையான இரும்புப் பாறை அப்படிக் கடலில் கரைந்திருந்த இரும்பு படிந்து, பிறகு வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறியது.

அப்புறம் ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன், சூரிய ஒளியில் நீரைப் பிளக்கக் கற்ற நீலப்பச்சைப் பாக்டீரியாக்கள் விட்ட ஆக்சிஜன் காற்றில் சேரத் தொடங்கியது. ஆக்சிஜன் இருக்கும் நீரில் இரும்பு துருவாகிப் படிந்துவிடும், கரையாது. ஆனால் அதற்குள் செல்லின் அடிப்படை இயந்திரங்கள் எல்லாம் இரும்பை நம்பித்தான் இருந்தன. பின்வாங்க வழியில்லை.

அன்றிலிருந்து ஏறக்குறைய எல்லா உயிர்களும் இரும்புக்காகப் போராடுகின்றன. பாக்டீரியாக்கள் இரும்பைப் பிடித்து வரத் தனி மூலக்கூறுகளை வெளியே அனுப்புகின்றன. சோளம், நெல் போன்ற புல்வகைகளின் வேர்களும் அப்படியே செய்கின்றன. நம் உடலில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்புதான். பழைய சிவப்பணுக்களை உடைத்து அதே இரும்பை மறுபடி பயன்படுத்துகிறோம். வேண்டாத இரும்பை வெளியேற்ற நம் உடலில் தனி வழியே கிடையாது. பஞ்சத்துக்குப் பழகிய வேதியியல் இது.

கோடையில் சோளமும் கம்பும் தாங்குகின்றன, நெல் திணறுகிறது. ஏன்?

நீர்த்தேவை, வேர் எல்லாம் உண்டு. ஆனால் இலைக்குள் இருக்கும் வித்தியாசம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் நொதியின் பெயர் ரூபிஸ்கோ. உலகின் உணவு அனைத்தும் ஏறக்குறைய அதன் வழியாகத்தான் வருகிறது. அப்படிப்பட்ட நொதி மிக மெதுவானது. செடிகளில் நொடிக்கு மூன்று முதல் பத்து மூலக்கூறுகளைத்தான் பிடிக்கும். அதோடு, நான்கைந்து முறைக்கு ஒருமுறை கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலாக ஆக்சிஜனைப் பிடித்துவிடும். வெயில் ஏற ஏற இந்தத் தவறும் ஏறும். ஆக்சிஜனே இல்லாத காலத்தில் தோன்றிய நொதிக்கு இரண்டையும் பிரித்தறிய அவசியம் இருக்கவில்லை. பிறகு திருத்திக்கொள்ளலாமே என்றால், நன்றாகப் பிரித்தறியும் ரூபிஸ்கோ பெரும்பாலும் இன்னும் மெதுவாகிவிடுகிறது.

சோளம், கம்பு, ராகி, மக்காச்சோளம், கரும்பு ஆகியவை ரூபிஸ்கோவைத் திருத்தவில்லை, சூழலை மாற்றின. ஆக்சிஜனோடு குழம்பாத வேறொரு நொதி முதலில் கார்பனைப் பிடித்து, இலை நரம்பைச் சுற்றியுள்ள செல்களுக்குள் திணிக்கிறது. அங்கே ரூபிஸ்கோவைச் சுற்றிக் கார்பன் டை ஆக்சைடு அடர்த்தியாக இருப்பதால் தவறு குறைகிறது. இலைத்துளையை அதிகம் திறக்க வேண்டியதில்லை, நீரும் மிச்சம். முதலில் பிடிக்கும் அந்த நொதி புதிதாக வந்ததல்ல. நெல்லிலும் வேறு வேலைகளுக்காக அது உண்டு. இருந்த பொருட்களையே இடம் மாற்றி, அளவு கூட்டி அமைத்த இந்த முறை 60 தடவைக்கும் மேல் தனித்தனிச் செடி வம்சங்களில் உருவாகியிருக்கிறது.

காபிச்செடி ஏன் காஃபீன் தயாரிக்கிறது? நமக்காக இல்லையே?

நமக்காக இல்லை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபி வந்ததே 1820களில்தான், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். காஃபீன் அதற்குப் பல இலட்சம் ஆண்டுகள் மூத்தது.

எல்லா செல்லிலும் மரபணு எழுத்துகளைத் தயாரிக்கும் பாதையில் சாந்தோசின் என்ற பொருள் கிடைக்கிறது. அதன்மேல் மூன்று இடங்களில் மீதைல் என்ற சிறு அணுக்கூட்டத்தை ஒட்டி, கூடவே இருக்கும் சர்க்கரையைக் கழற்றினால் காஃபீன். ஒட்டும் நொதிகளும் புதியவை அல்ல. செடிகளில் மணப்பொருள்களையும் எச்சரிக்கைப் பொருள்களையும் செய்யும் ஒரு பழைய நொதிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மரபணு தற்செயலாக இரட்டிப்பாகும்போது ஒரு பிரதி பழைய வேலையைப் பார்த்துக்கொள்ளும், மற்றது மாறலாம். 2014இல் ரோபஸ்டா காபியின் முழு மரபணுத்தொகுதியை வெளியிட்டபோது, இந்த மரபணுக்கள் காபியின் வம்சத்துக்குள்ளேயே இரட்டிப்பாகிப் பெருகியவை, தேயிலையிலும் கோகோவிலும் நடந்ததோடு தொடர்பில்லாதவை என்று தெரிந்தது. தேநீர் குடிப்பவரும் காபி குடிப்பவரும் ஒரே மூலக்கூறைத்தான் குடிக்கிறார்கள், ஆனால் அதற்குத் தனித்தனி வரலாறு.

இலையிலும் விதையிலும் காஃபீன் பூச்சிகளுக்கும் நத்தைகளுக்கும் நஞ்சு. மலைமேல் வளரும் அராபிகாவைவிடத் தாழ்வான, பூச்சி மிகுந்த இடங்களில் வளரும் ரோபஸ்டாவில் காஃபீன் ஏறக்குறைய இரட்டிப்பு. ஆனால் எதிர்த்தரப்பும் சும்மா இருப்பதில்லை. காபித் தோட்டக்காரர்களின் பெரிய தலைவலியான காய்த்துளைப்பான் வண்டு காபிக் கொட்டைக்குள்ளேயே வாழ்கிறது. அதன் குடலிலுள்ள பாக்டீரியாக்கள் காஃபீனைச் சிதைத்துவிடுகின்றன என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்து கொடுத்துப் பாக்டீரியாக்களைக் கொன்றபோது வண்டால் காஃபீனைச் சிதைக்க முடியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி பூவில் இருக்கிறது. கோடைமழை ஒன்று விழுந்ததும் ஏற்காட்டுத் தோட்டங்கள் வெள்ளையாகப் பூத்துவிடும், மல்லிகை போல மணக்கும். அந்தத் தேனிலும் காஃபீன் உண்டு, ஆனால் தேனீக்குக் கசப்புத் தெரியாத அளவில். 2013இல் வெளியான ஒரு பரிசோதனையில், ஒரு பூமணத்தோடு சேர்த்துக் காஃபீன் கலந்த சர்க்கரைநீர் குடித்த தேனீக்களில், மறுநாளும் அந்த மணத்தை நினைவில் வைத்திருந்தவை மற்றவற்றைவிட மூன்று மடங்கு. ஆரஞ்சு, எலுமிச்சைக் குடும்பத்துப் பூக்களின் தேனிலும் காஃபீன் இருக்கிறது. ஏற்காட்டில் காபியும் ஆரஞ்சும் ஒரே தோட்டத்தில் நிற்கின்றன. ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு செடிகளும் தேனீயின் மூளையை ஒரே மூலக்கூறால் தொடுகின்றன.

செடி யோசித்தா இப்படிச் செய்தது?

இல்லை. தற்செயலாகக் காஃபீன் கொஞ்சம் சேர்ந்த செடியைப் பூச்சி குறைவாகத் தின்றது, அதன் விதை அதிகம் பரவியது. பல தலைமுறை இப்படி நடந்தால் போதும். பேச்சு வசதிக்கு 'செடி இதைச் செய்தது' என்கிறோம்.

குச்சிக்கிழங்கு இலை தின்று ஆடு சாகிறது, இளஞ்சோளம் மேய்ந்து மாடு சாகிறது. இரண்டும் ஒரே விஷமா?

ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் கேள்வி இது. உயிர்கள் இதில் போகின்றன, ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

வெளிவரும் விஷம் ஒன்றுதான்: ஹைட்ரஜன் சயனைடு. ஆனால் சேமித்து வைக்கும் பொருள் வேறு. மரவள்ளியில், அதாவது குச்சிக்கிழங்கில், முக்கியமாக லினமாரின். அது வாலின் என்ற அமினோ அமிலத்திலிருந்து வருகிறது. சோளத்தில் துரின், அது டைரோசினிலிருந்து. இரண்டிலும் சர்க்கரை ஒட்டியிருப்பதால், செல் முழுதாக இருக்கும்வரை ஆபத்து இல்லை. மரவள்ளியில் அந்தப் பொருள் செல்லின் உள்ளறையில் இருக்கிறது, அதை உடைக்கும் நொதி வெளிச்சுவரில் இருக்கிறது. ஆடு மெல்லும்போது இரண்டும் கலக்கின்றன, சயனைடு வருகிறது.

சயனைடு ஏன் ஆடு, மாடு, மனிதன், புழு எல்லோரையும் தாக்குகிறது? மூச்சின் கடைசிப் படியில் ஆக்சிஜனைப் பிடிக்கும் நொதியின் இரும்பில் போய் அது ஒட்டிக்கொள்கிறது. அந்த நொதி நம் எல்லோருக்கும் பொதுவான பழைய சொத்து. ஒரே மூதாதையின் பிள்ளைகளாக இருப்பதால் ஒரே விஷம் எல்லோருக்கும் விஷம். அதே காரணத்தால் கொஞ்சம் தற்காப்பும் பொதுவாக உண்டு. கல்லீரலில் ரோடனேஸ் என்ற நொதி சயனைடோடு கந்தகத்தைச் சேர்த்து, அவ்வளவு ஆபத்தில்லாத தயோசயனேட்டாக மாற்றுகிறது. கந்தகம் தீர்ந்தால் அதுவும் நின்றுவிடும். கால்நடை மருத்துவர் சோடியம் தயோசல்பேட் ஊசி போடுவது அந்தக் கந்தகத்தைக் கொடுக்கத்தான். தாமதிக்காமல் அழைப்பது முக்கியம்.

மழை பொய்த்து வாடிய இளஞ்சோளத்திலும், அறுத்தபின் துளிர்க்கும் மறுதாம்புப் பயிரிலும் துரின் மிக அதிகம். பூ விடும் முன் மேயவிட வேண்டாம். கிழங்கைப் பொறுத்தவரை, ஜவ்வரிசி ஆலையில் அரைத்து, நீரில் அலசி, மாவைப் படியவைக்கும்போது சயனைடு நீரோடு போய்விடுகிறது, மீதி சூட்டில் ஆவியாகிறது. வீட்டில் தோலுரித்து, நறுக்கி, திறந்த பாத்திரத்தில் நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். கசக்கும் கிழங்கைச் சாப்பிட வேண்டாம்.

இன்னொன்று. ஐரோப்பாவில் உள்ள ஒரு வகை அந்துப்பூச்சியும் லினமாரினைத் தானே தயாரிக்கிறது. செடியிலிருந்து மரபணு வாங்கவில்லை. செடி பயன்படுத்தும் அதே மூன்று படிகளைத் தன் சொந்த நொதிகளைக் கொண்டு தனியாகவே அமைத்திருக்கிறது.

மிளகு, மிளகாய் இரண்டும் ஏன் ஒரே மாதிரி எரிகின்றன?

மிளகின் பைப்பரினும் மிளகாயின் கேப்சைசினும் நம் நரம்பிலுள்ள ஒரே ஏற்பியை, அதாவது உணர்வைப் பிடிக்கும் புரதத்தைத் தூண்டுகின்றன. அந்த ஏற்பியின் சொந்த வேலை சூட்டை உணர்வது. அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பறவைகளுக்கும் அந்த ஏற்பி உண்டு, ஆனால் கேப்சைசினுக்கு அசையாது. பாலூட்டி மிளகாய் விதையை மென்று அழிக்கும். பறவை முழுங்கி வேறிடத்தில் போடும். கிளி மிளகாய் தின்பதன் வேதியியல் இதுதான்.

ஏற்காட்டு மலைப்பாதைக் குரங்குகளுக்கும் நமக்கும் உயிர்வேதியியலில் ஏதாவது பொதுக்குறை உண்டா?

உண்டு. இரண்டு பேராலும் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. ஆடு, நாய், எலி எல்லாம் குளுக்கோஸிலிருந்து தாமே தயாரித்துக்கொள்கின்றன. நமக்கும் குரங்குகளுக்கும் பொதுவான மூதாதையில், ஏறக்குறைய 6 கோடி ஆண்டுகளுக்கு முன், கடைசிப் படியைச் செய்யும் நொதியின் மரபணு சிதைந்துவிட்டது. பழமும் தழையும் நிறையத் தின்ற விலங்குக்கு இழப்பு தெரியவில்லை. சிதைந்த மரபணு இன்னும் நம் 8ஆவது குரோமோசோமில் கிடக்கிறது. கினிப்பன்றியும் இதே மரபணுவை இழந்தது, ஆனால் அது தனி நிகழ்வு, உடைந்த விதமும் வேறு.

சுற்றுலா வருபவர்கள் குரங்குக்குச் சிப்ஸும் பிஸ்கட்டும் போடுவதைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வரும். அதன் உடல் காட்டுப் பழத்தை நம்பி அமைந்தது. தயவுசெய்து போடாதீர்கள்.

பால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதது நோயா?

நோய் இல்லை. பால்சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குழந்தைப் பருவத்துக்குப்பின் குறைவதுதான் பாலூட்டிகளின் வழக்கம். கால்நடை வளர்த்த சில மக்களிடம் அது குறையாமல் நிற்கும் மாற்றம் பரவியது. இந்தியாவில் வடமேற்கில் அது அதிகம், தெற்கிலும் கிழக்கிலும் குறைவு. தயிரிலும் மோரிலும் பாக்டீரியா அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியை ஏற்கெனவே தின்றிருக்கும்.

ஏற்காட்டில் வாழ்பவர்களின் உடல், மலையின் உயரத்துக்கு ஏற்ப மாறியிருக்குமா?

1500 மீட்டர் அதற்குப் போதாது. திபெத்தியர்களிடம் அப்படிப்பட்ட மரபணு மாற்றம் உண்டு. அவர்கள் வாழ்வது 4000 மீட்டர் அளவில்.

இதெல்லாம் பழங்கதை. கண்முன்னே ஒரு புதிய வேதிவினை தோன்றியதை யாராவது பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988இல் ஈ. கோலை பாக்டீரியாவை 12 குடுவைகளில் வளர்க்கத் தொடங்கினார். தினமும் கொஞ்சம் எடுத்துப் புதிய குடுவைக்கு மாற்றுவார்கள். ஊட்டநீரில் குளுக்கோஸ் குறைவு, சிட்ரேட் (எலுமிச்சையில் இருக்கும் அமிலத்தின் உப்பு) நிறைய. ஆக்சிஜன் இருக்கும்போது ஈ. கோலையால் சிட்ரேட்டை உண்ண முடியாது. ஏறக்குறைய 31,500 தலைமுறைக்குப் பிறகு ஒரே ஒரு குடுவை திடீரெனக் கலங்கலானது. அதிலிருந்தவை சிட்ரேட்டை உண்ணத் தொடங்கியிருந்தன. சிட்ரேட்டை உள்ளே கொண்டுவரும் மரபணு ஏற்கெனவே இருந்ததுதான், ஆக்சிஜன் இல்லாதபோது மட்டும் வேலை செய்யும். அது இரட்டிப்பானபோது ஒரு பிரதி, ஆக்சிஜன் இருக்கும்போது இயங்கும் ஒரு பொத்தானுக்கு அருகில் போய் உட்கார்ந்தது. காபியில் பார்த்த அதே வழி: பழைய மரபணு, ஒரு கூடுதல் பிரதி, புதிய இடம். தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் மாத்திரை விழுங்கும்போது நம் உடலுக்குள்ளும் இந்தத் தேர்வைத்தான் நடத்துகிறோம்.

வீட்டில் செய்து பார்க்க ஏதாவது உண்டா?

உண்டு. கொஞ்சம் கீரையை இரண்டு பாத்திரங்களில் வேகவையுங்கள். ஒன்றில் வெறும் நீர், மற்றதில் புளிக்கரைசல். புளி சேர்த்த கீரை சீக்கிரமே மங்கிப் பழுப்புப் பச்சையாகும். அமிலம் பச்சைய வளையத்தின் நடுவிலிருந்த மக்னீசியத்தை வெளியே தள்ளிவிட்டு, அங்கே இரண்டு ஹைட்ரஜனை வைத்துவிட்டது. வளையம் அப்படியே இருக்கிறது, நடுவிலிருந்த உலோகம் மட்டும் இல்லை. பிள்ளைகளோடு செய்யுங்கள், அப்படியே நிலக்கடலை வேர் முடிச்சையும் ஒருமுறை கீறிப் பாருங்கள்.